மடியில் பட்ட நீலம்

பச்சையப்பனின் கைகளைப் பார்த்தாலே ஆரணியில் அவன் தொழில் என்னவென்று சொல்லிவிடுவார்கள். முழங்கை வரைக்கும் சாயம் ஏறியிருக்கும். கல்யாண மாதங்கள் நெருங்கினால் தறிக்காரர்கள் ஆனந்தா ப்ளூவும் நாவல்பழக் கலரும் கேட்டு வந்து நிற்பார்கள், அப்போது அந்தக் கைகள் இரண்டும் நீலமாகவே திரியும். கொதிக்கிற அண்டாவில் பட்டு நூல் கழிகளைப் போட்டுக் குச்சியால் புரட்ட வேண்டும். குச்சிக்குப் பிடிபடாததைக் கையால்தான் எடுக்க வேண்டும். இளவட்டமாக இருந்தபோதிலிருந்து அப்படி எடுத்து எடுத்து அவன் உள்ளங்கை மரத்துப் போய்விட்டது. அடுப்பிலிருந்து உருண்டு விழுந்த நெருப்புக் கங்கைச் சாவகாசமாக எடுத்துத் திரும்ப உள்ளே போடுவான். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பெருமைப்பட மனுஷனுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

எழுபத்தாறாம் வருஷம் அவன் மனைவி ராஜம்மாள் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு, ஜுரம் கண்டு, ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போனாள். வீட்டில் மிஞ்சியவர்கள் அவனும், அந்தக் குழந்தையும், புருஷன் போன பிறகு தம்பியோடு வந்து தங்கிவிட்ட அக்கா கற்பகமும். குழந்தைக்குப் பெயர்கூட வைக்கவில்லை, பாப்பா என்றே கூப்பிட்டார்கள். பசும்பால் கொடுத்தால் குடித்ததைவிட அதிகமாகக் கக்கியது. டப்பா பாலைக் கரைத்துக் கொடுத்தால் வயிறு உப்பிக்கொண்டு வீறிட்டது. வெள்ளாட்டுப் பால் கொடுத்துப் பார்க்கச் சொல்லி யாரோ சொன்னார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி, தண்ணீர் கலந்து காய்ச்சி, சங்கில் புகட்டினாள் கற்பகம். பாப்பா கக்காமல் குடித்துவிட்டுத் தூங்கியது. தம்பி பெண்டாட்டியின் பிணத்தை எடுத்த நாளுக்குப் பிறகு கற்பகம் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

சொந்தமாக ஒரு ஆடு வேண்டும் என்று முடிவானது. ஆடு பாஞ்சாலையிடம் இருந்தது. ஆற்றுக்கு அப்பால் காலனியில் இருப்பவள், சாயப்பட்டறைகளுக்கு விறகு சுமந்து வந்து விற்பவள். புருஷன் துரைக்கண்ணு கூலிக்குப் போவான், இவள் விறகோடு நாலைந்து வெள்ளாடுகளையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளினாள். முதல் சினையாக இருந்த ஒரு கருப்பு ஆட்டை ஓட்டிவந்து பச்சையப்பன் வீட்டுப் பின்வாசலில் விட்டாள். பின்வாசல் என்றால் வாசலுக்கு வெளியே, சந்தில். உள்ளே முற்றத்தில் கிணறு இருக்கிறது. அந்தக் கிணற்றடியில் அவள் கால் வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, யாரும் மறந்தும்போகாத சட்டம். அவள் வெட்டிய விறகு உள்ளே போகலாம். அவள் வளர்த்த ஆடு உள்ளே போகலாம். அந்த ஆட்டின் பால் குழந்தையின் வயிற்றுக்குள்ளேயே போகலாம். அவள் மட்டும் போகக் கூடாது. இந்தக் கணக்கை யார் போட்டார்களோ, அவர்கள் வாயில் மண் விழ.

ஆட்டைக் கயிறு மாற்றிக் கொடுக்கும்போது உள்ளே பாப்பா பசியில் அழுதது. பாஞ்சாலைக்கு வீட்டில் எட்டு மாதத்துப் பையன் இருந்தான். அழுகைச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் அவள் ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"அம்மா, ஆடு ஈனற வரைக்கும் புள்ளைய எங்கிட்ட குடுங்கம்மா. எம் பையன் குடிச்சி மீதிதான் கீது. இங்கியே சந்துல ஒக்காந்து குடுத்துட்டுப் போறேன்."

கற்பகம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம்கூடப் படவில்லை.

"உன் ஆடு போதும்" என்றாள்.

ஆடு ஒரு கிடாக்குட்டி ஈன்றது. ஈன்றபோது அதன் மடி கல்லுமாதிரி இறுகி, தோல் பளபளவென்று மின்னியது. பச்சையப்பன் காம்பில் கை வைத்தால் போதும், பின்னங்காலால் உதைத்துச் சட்டியைக் கவிழ்த்துவிடும். ஆடு வளர்த்துப் பழக்கமில்லாத அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பாஞ்சாலை விறகோடு வந்த அன்று பின்வாசலுக்கு ஓடினான்.

"மடி ரொம்ப வீங்கிகினு கீது. தொட வுட மாட்டேங்குது."

"தலை ஈத்து இல்லீங்களா, அப்படித்தான் இருக்கும். நீரு கோத்துகினு இருக்கும், வடிஞ்சிடும்" என்றாள் பாஞ்சாலை. "வெரல வெச்சி அழுத்திப் பாருங்க. குழி உழுந்து மெதுவா மேல வந்தா நீருதான், பயம் இல்ல. அப்பால ரெண்டு பக்கமும் கைய வெச்சிப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் கொதிச்சா வுடாதீங்க, ஜல்தியா மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிகினு போயிடுங்க. அதான் கெட்டது."

"சரி."

"இங்க வெளிய புடிச்சிகினு வாங்களேன். நான் ஒரு தபா தொட்டுப் பாத்துட்டா தெரிஞ்சிடும்."

பச்சையப்பன் திரும்பினான். கற்பகம் கிணற்றடியிலிருந்தே தலையை ஆட்டினாள். புதிதாக ஈன்ற மடியைத் தெருவில் காட்டினால் கண்பட்டுப் பால் சுண்டிவிடும் என்பது அவள் நம்பிக்கை. ஆட்டை வெளியே கொண்டுவரக் கூடாது, பாஞ்சாலை உள்ளே வரக் கூடாது. கடைசியில் தொட்டுப் பார்க்கிற வேலை பச்சையப்பனுக்கே வந்து சேர்ந்தது.

போய்த் தொட்டுப் பார்த்தான். அலட்சியமாகச் செய்தான் என்று அவனைச் சொல்ல முடியாது. சாயத்துக்குப் பட்டு பதமாகிவிட்டதா என்று பார்ப்பதுபோல மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். விரலை அழுத்தினான், குழி விழுந்து மெதுவாக மேலே வந்தது. இடது பக்கம் உள்ளங்கையை வைத்தான், வலது பக்கம் வைத்தான். மறுபடியும் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தான். கொதிக்கிற அண்டாவிலேயே சூடு தெரியாத கை அது. ஆட்டு மடியில் என்ன தெரியப்போகிறது?

"ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் கீது" என்று வந்து சொன்னான்.

"அப்ப சரிங்க" என்று பாஞ்சாலை சும்மாட்டை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

பாப்பாவுக்கு ஆட்டுப் பால் ஒத்துக்கொண்டது. கன்னம் கொஞ்சம் உப்பியது, ஒருநாள் தூக்கத்தில் சிரித்தது. கற்பகம் தம்பியைப் பட்டறையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினாள். பச்சையப்பன் நீலக் கையோடு ஓடிவந்து குழந்தையைத் தூக்கினான், அதன் சட்டையெல்லாம் விரல் விரலாகச் சாயம். கற்பகம் திட்டினாள், அவன் சிரித்தான். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

பால் கறப்பதும் அவன்தான். விடிகாலையில் அடுப்பு மூட்டி, முதல் அண்டாவை இறக்கிவிட்டு, அந்தக் கையோடு போய்க் கறப்பான். கழுவித்தான் போவான், ஆனால் ஆனந்தா ப்ளூ தண்ணீரில் போகிற சாயமா? ஆட்டின் மடியிலும் காம்பிலும் நீலம் படிந்தது. நாலு நாளில் மடி முழுக்கத் திட்டுத்திட்டாக நீலம். கற்பகம் அதைப் பார்த்துவிட்டு, "அதுக்கும் ஒரு சேலை நெஞ்சி கட்டிடு" என்றாள்.

பிறகு ஒன்று கவனித்தார்கள். குட்டி வலது காம்பிலேயே போய் முட்டியது. இடது பக்கம் தள்ளிவிட்டால் முகர்ந்துபார்த்துவிட்டு விலகி வந்தது. கற்பகத்துக்கு அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியாடா தம்பி, அதுக்கு இருக்கற அறிவ. ஒரு பக்கத்த நம்ம பாப்பாவுக்குன்னு வுட்டு வெச்சிருக்குது."

அன்றிலிருந்து வலது பக்கம் குட்டிக்கு, இடது பக்கம் பாப்பாவுக்கு. இடது பக்கத்துப் பால் கொஞ்சம் நீர்த்திருந்தது. திப்பி திப்பியாக ஏதோ வந்தது. சீம்பாலின் மிச்சம் என்று நினைத்துக் கற்பகம் அதை வேட்டித் துணியில் வடிகட்டி, நன்றாகக் காய்ச்சிப் புகட்டினாள். இன்னொரு நல்லதும் நடந்தது. ஆடு உதைப்பதை நிறுத்திவிட்டது. இடது காம்பை எவ்வளவு இழுத்தாலும் அசையாமல் நின்றது. பழகிவிட்டது என்று பச்சையப்பன் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

அடுத்த முறை பாஞ்சாலை வந்தபோது பின்வாசலில் நின்றபடியே விசாரித்தாள்.

"சூடு கீடு இல்லையே?"

"இல்ல. இப்ப உதைக்கறதுகூட இல்ல."

"நல்லதாப் போச்சி. மடி நெறம் எப்படிங்க கீது?"

"நெறமா? எங் கை பட்டுப் பட்டு நீலமா கீது."

பாஞ்சாலை சிரித்துவிட்டாள். "சாயக்காரர் ஊட்டு ஆடு வேற எப்படி இருக்கும்?" என்றாள். பச்சையப்பனும் சிரித்தான். பாவம், அவளைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? நாலு எட்டு வைத்து உள்ளே போயிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். வாசலுக்கு வெளியே நின்றவளுக்கு அவன் சொன்னதுதான் மடி, அவன் சொன்னதுதான் நிறம்.

பாப்பாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. மாந்தம் என்று கற்பகம் வசம்பு சுட்டு உரைத்து நாக்கில் தடவினாள். கயிறு மந்திரித்துக் கட்டினாள். நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று பச்சையப்பன் ஒருதரம் கேட்டான். "ராஜம்மாள இட்டுகினு போனியே, எப்படிக் கொண்டாந்த?" என்று அக்கா கேட்டாள். அவன் பட்டறைக்குத் திரும்பிப் போய்விட்டான். பாப்பாவுக்குத் தெம்பு வேண்டுமென்று கூடுதலாக ஒரு வேளை பால் கறந்தார்கள். இடது பக்கத்துப் பால்தான். அந்த வீட்டில் அந்தக் குழந்தையின்மேல் உயிரை வைத்திருந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் இதைச் செய்தார்கள்.

ஒருநாள் காலையில் ஆடு எழுந்திருக்கவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு பல்லைக் கடித்தபடி கிடந்தது. குட்டி அதன் வயிற்றை முட்டி முட்டிப் பார்த்துக் கத்தியது. பாஞ்சாலை விறகுக் கட்டை இறக்கப் பின்வாசலுக்கு வந்தவள், அந்தச் சத்தத்தைக் கேட்டாள். கட்டை அப்படியே சந்தில் போட்டுவிட்டு, யாரையும் கேட்காமல், கிணற்றடியைத் தாண்டி ஆட்டுக் கொட்டகைக்குள் போனாள். கற்பகம் தடுக்க வாயைத் திறப்பதற்குள் அவள் ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பாஞ்சாலை மடியில் கை வைத்தாள். உடனே கையை எடுத்துவிட்டாள்.

"இது இன்னா நீலம்?"

"சாயம்தான். நான்தான் சொன்னேனே, எங் கைச் சாயம்" என்றான் பச்சையப்பன்.

பாஞ்சாலை தொட்டித் தண்ணீரில் முந்தானையை நனைத்து அழுத்தித் துடைத்தாள். வலது பக்கம் இருந்த திட்டுகள் கொஞ்சம் வெளுத்தன. இடது பக்கம் அப்படியே இருந்தது.

"சாயம் தண்ணில போவாது, இரு" என்று பச்சையப்பன் பட்டறைக்கு ஓடினான். தப்பாக ஏறிய சாயத்தை உரிக்க வைத்திருக்கும் ஹைட்ரோஸ் பவுடரை வெந்நீரில் கரைத்துக்கொண்டு வந்தான். மண்டியிட்டு உட்கார்ந்து அந்த மடியைத் தேய்க்க ஆரம்பித்தான். கந்தக நாற்றம் கொட்டகை முழுவதும் அடித்தது. தேய்க்கத் தேய்க்க அவன் விரல்கள் வெளுத்தன. உள்ளங்கை வெளுத்தது, மணிக்கட்டு வெளுத்தது. மடியின் வலது பக்கமும் வெளுத்து ரோஜா நிறமாக வந்தது. இடது பக்கம் மட்டும் நாவல்பழ நிறத்தில் கிடந்தது. அவன் இன்னும் வேகமாகத் தேய்த்தான். தோல் உரிந்து கையோடு வந்தது. ஆடு உதைக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வுடுங்க" என்றாள் பாஞ்சாலை. "அது செத்த தோலு. மொதல்ல கொதிச்சிருக்கும், அப்பால உள்ள அழுவிப் போச்சி. எத்தினி நாளா இப்படிச் சில்லுனு கீது?"

பச்சையப்பன் நிமிர்ந்து பார்த்தான்.

"சில்லுனா கீது?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் கைகளைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எந்தப் பக்கத்துப் பால புள்ளைக்குக் குடுத்தீங்க?"

கற்பகம் உள்ளே ஓடிப் பாப்பாவைத் தூக்கிவந்தாள். கண்கள் குழிவிழுந்து, உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் பூனைக்குட்டிபோல முனகியது அது. கற்பகம் முதல்முறையாகப் பாஞ்சாலைக்கு எதிரே வந்து நின்றாள்.

"நீ அன்னிக்கிக் கேட்டியே, நான் பால் குடுக்கறேன்னு" என்றாள். மேலே சொல்ல முடியாமல் அழுதாள்.

பாஞ்சாலை கையைத் துடைத்துக்கொண்டு, பால் கொடுக்கக் கிணற்றுத் துவைகல்லில் உட்காரப் போனாள்.

"அங்க வேணாம்" என்றாள் கற்பகம், அழுகையை விழுங்கிக்கொண்டு. "பக்கத்து மாடியில பாவு நூலு காயப்போட ஆளுங்க வருவாங்க. பாத்தாங்கன்னா நாளைக்கி எங்களுக்கு யாரு பட்டு குடுப்பா? கொட்டாயில ஒக்காந்து குடு."

பச்சையப்பனுக்கு அது பொறுக்கவில்லை. கொட்டகையில் ஆடு செத்துக்கொண்டிருந்தது, நாற்றம் குடலைப் பிடுங்கியது. கேட்காமலே அன்றைக்குக் கொடுக்க வந்தவளை அந்த இடத்தில் உட்கார வைப்பதா என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவன் மனது நல்ல மனதுதான். ஆனால் வீட்டுக்குள்ளே வா என்று சொல்லுமளவுக்கு நல்ல மனது இல்லை.

"சாவற எடத்துல இன்னாத்துக்கு? நான் எடுத்துகினு வரேன், பாஞ்சால. உன் ஊட்டுல வெச்சிக் குடு" என்றான்.

"எனக்கு எங்கேன்னாலும் சரிங்க, கொட்டாயே போதும்" என்றாள் பாஞ்சாலை. "புள்ள தாங்காதுங்க. அவ்ளோ தூரம்."

"ஆத்துக்கு அந்தாண்டதான? ஜல்தியா போயிடலாம்."

"அவ முன்னாடி போவட்டும்" என்றாள் கற்பகம். "நீ பின்னால போ. சேந்து போவாதீங்க."

பாஞ்சாலை முன்னால் நடந்தாள். விறகுக் கட்டு சந்திலேயே கிடந்தது. பச்சையப்பன் குழந்தையைத் துண்டால் மூடி மார்போடு அணைத்துக்கொண்டு, அவள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டுக் கிளம்பினான். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அவள் வேகமாகப் போனால் இவனும் வேகமாகப் போனான், அவள் தயங்கினால் இவனும் நின்றான். கோயில் முனையில் ரங்கசாமி என்ற தறிக்காரர் அவனைப் பிடித்துக்கொண்டார். தன் நூல் எப்போது சாயம் ஏறி வரும் என்று கேட்டார், கை என்ன இப்படி வெளுத்துக் கிடக்கிறது என்று கேட்டார், துண்டுக்குள் குழந்தையா என்று கேட்டார். பச்சையப்பன் எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொன்னான். மரியாதைக்காரன். தூரத்தில் பாஞ்சாலை ஒரு பெட்டிக்கடை ஓரமாக ஒதுங்கி, அவனைப் பார்க்காதவள்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். துண்டுக்குள் முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. தூங்கிவிட்டது, நல்லது என்று நினைத்து அவன் துண்டை இன்னும் இழுத்து மூடினான்.

ஆற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல்தான். பாதி மணல் தாண்டியதும் பாஞ்சாலை நின்றாள். சுற்றிலும் பார்த்தாள், யாரும் இல்லை. அவள் ரவிக்கையின் முன்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. வீடுவரைக்கும் போகக் காத்திருக்காமல் அந்தச் சுடுமணலிலேயே உட்கார்ந்து கைகளை நீட்டினாள்.

"குடுங்க இப்டி."

"தூங்குது" என்றான் பச்சையப்பன்.

அவள் துண்டை விலக்கினாள். குழந்தையை மடியில் போட்டு, மாரை எடுத்து அதன் வாயில் வைத்தாள். வாய் மூடவில்லை. ஒரு கையால் பீய்ச்சிவிட்டாள், பால் உதட்டோரமாக வழிந்து கழுத்துக்கு இறங்கியது. அதன் கன்னத்தைத் தொட்டாள், பாதத்தைத் தொட்டாள், சட்டையைத் தூக்கி வயிற்றில் கையை வைத்தாள். பிறகு குனிந்து அதன் நெற்றியில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

"இன்னா?" என்றான் பச்சையப்பன். "இன்னா பாஞ்சால?"

"ஒடம்பு ஆறிப் போச்சிங்க. உங்க கையிலதான இருந்திச்சி."

அவன் மணலில் மண்டியிட்டான். குழந்தையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தான். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.